பெட்டி தீர்வதற்குள்

நவம்பர் 6, புதன்

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் ஐம்பத்தோரு வயதில் தனியாக நோட்டுப் போட்டு எழுதுகிற பவிசெல்லாம் எனக்குக் கிடையாது. தாலுகா ஆபீஸில் பகல் முழுக்க எழுதுவதே கை கடுக்கிறது.

விஷயம் இதுதான். நெற்றி நடுவில், பொட்டு வைக்கிற இடத்தில், ஒரு கறுப்பு வட்டம். பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும். ஓரமெல்லாம் அரிப்பு. முதலில் ஜாதிக்காயை இழைத்துப் போட்டேன். அப்புறம் கோரைக்கிழங்குப் பொடி. அப்புறம் எவளோ சொன்னாள் என்று எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தேன். அது வெந்து தோல் உரிந்து, உரிந்த இடம் முன்னைவிடக் கறுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் புத்தி வந்து திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் சின்னப் பெண். பெயர் ஷெரின். என் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் இந்தப் பசைதான் காரணமாம். எப்போது வாங்கியது என்று கேட்டாள். போன மாதம் என்றேன். ஒரு பொட்டை எத்தனை நாள் வைப்பீர்கள் என்றாள். ஒரே நாள் என்றேன். இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் சட்டென்று பதில் சொல்லிவிட வேண்டும். யோசித்தால் அடுத்த கேள்வி வரும்.

மூன்று மாதத்துக்கு நெற்றியில் எதுவும் படக்கூடாது. ஸ்டிக்கர், குங்குமம், சந்தனம், விபூதி எதுவுமே. காலையில் வெயிலுக்கு ஒரு கிரீம், சாயங்காலம் கறுப்பு மங்க ஒரு கிரீம். தினமும் என்ன போட்டேன், அரிப்பு எப்படி என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். "ஒண்ணு விடாம எழுதுங்கம்மா" என்றாள்.

ஒன்று விடாமல் எழுதுகிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயிலுக்காகத்தான்.

நவம்பர் 7, வியாழன்

காலை கிரீம் போட்டேன். முகம் வெள்ளையடித்தது மாதிரி ஆகிவிட்டது. அரிப்பு உண்டு. சாயங்கால கிரீம் போட்டேன். எரிச்சல் இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

இரண்டு கிரீமும் போட்டேன்.

பூக்கார இசக்கி தினமும் காலையில் ஒரு முழம் பிச்சிப்பூவை வாசல் கேட்டின் கொண்டியில் மாட்டிவிட்டுப் போவாள். இன்று நான் கேட்டருகிலேயே நின்றிருந்தேன். கூடையில் கையை விட்டவள் என் நெற்றியைப் பார்த்ததும் கையை அப்படியே வைத்துக்கொண்டாள். நெற்றியில் புண், டாக்டர் எதுவும் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்று நானாகவே சொன்னேன். "சரிக்கா, சரிக்கா" என்றாள். துக்க வீட்டில் தலையாட்டுவார்களே, அப்படி ஒரு தலையாட்டல். பூவை என் கையில் தரவில்லை, கொண்டியிலும் மாட்டவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் மும்பையில் சரக்கெடுக்கப் போயிருக்கிறார் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். இவளுக்கு மட்டும் என்ன வந்தது?

நவம்பர் 15, வெள்ளி

ஐந்து நாளாகக் கேட்டில் பூ இல்லை. அரிப்பு குறைவு.

ஆபீஸில் புதிதாக வந்திருக்கும் டைப்பிஸ்ட் பெண், "மேடம், சார் இருக்காங்கல்ல?" என்று கேட்டாள். இருக்கிறார் என்றேன். நல்லவேளை, எங்கே என்று அவள் கேட்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

என்னிடம் இருப்பது சான்றிதழ் விண்ணப்பங்கள் வருகிற மேஜை. சாதி, வருமானம், வாரிசு, இருப்பிடம். அதோடு கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்கான சான்றும் உண்டு. இன்று அதற்கு ஒருத்தி வந்தாள். பெயர் பேச்சித்தாய், முப்பத்தைந்து வயது. அந்தச் சான்று இருந்தால்தான் தையல் மெஷின் கிடைக்குமாம். தலையில் கனகாம்பரம், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த எரிச்சல் வந்ததோ. பொட்டும் பூவுமாக வந்து புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றால் எந்த அதிகாரி நம்புவார், விசாரணைக்கு வருகிறவர் முதலில் உன் நெற்றியைத்தான் பார்ப்பார் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். "பொட்டு அவரு கொண்டாந்தது இல்ல மேடம். நான் சின்னப் புள்ளையில இருந்தே வைக்கேன்."

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு அனுப்பினேன். அதற்குப் பிறகு இரண்டு விண்ணப்பத்தில் தேதியைத் தப்பாகப் போட்டேன்.

சாயங்கால கிரீம் போட மறந்துவிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

பெட்டியைப் பற்றி டாக்டருக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஒன்று விடாமல் எழுதச் சொன்னாளே.

அவர் ஃபேன்சி ஸ்டோர்களுக்கு ஊர் ஊராகச் சரக்குப் போடுகிறவர். வளையல், கிளிப், ரிப்பன், பொட்டு. பீரோவுக்கு அடியில் அவர் வைத்துவிட்டுப் போன ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. எல்லாம் மெரூன் நிறப் பொட்டு. நூற்றிருபது அட்டை, அட்டைக்குப் பன்னிரண்டு. மும்பைக்குக் கிளம்பின அன்று அதைத் தூக்கி என் முன்னால் வைத்து, "இந்தப் பெட்டி தீரதுக்குள்ள வந்திருவேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நாளைக்கு ஒன்று என்றாலே நாலு வருஷம் வருமே, இது என்ன பேச்சு என்று கேலி செய்தேன்.

நாலு வருஷம் முடிந்தபோது பெட்டியில் பாதிக்கு மேல் இருந்தது. ஒரே பொட்டை இரண்டு நாள், மூன்று நாள் வைத்துக்கொள்வேன். குளிக்கும்போது கண்ணாடியில் ஒட்டிவிட்டு, குளித்து வந்து மறுபடி எடுத்து வைப்பேன். எல்லாப் பெண்களும் செய்கிறதுதான். பசை போய்விட்டால் ஆபீஸ் கோந்தில் ஒரு துளி தொட்டுக்கொள்வேன். அதை எல்லாப் பெண்களும் செய்வார்களா என்று தெரியவில்லை.

இப்போது ஒன்பது வருஷம். மூன்று அட்டை மிச்சம். டாக்டர் ஸ்டிக்கரை நிறுத்தச் சொன்னபோது அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. மூன்று மாதத்துக்குப் பெட்டி குறையாதே.

டிசம்பர் 13, வெள்ளி

திருக்கார்த்திகை. பதினோரு விளக்கு ஏற்றினேன். எண்ணெய் தீர்ந்து ஒவ்வொன்றாக அணைகிற வரைக்கும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டில் பொரி உருண்டை கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். வழக்கமாகக் கொடுப்பார்கள்.

டிசம்பர் 18, புதன்

திருநெல்வேலி போனேன். கறுப்பு பாதியாகக் குறைந்திருக்கிறதாம். போன தடவை எடுத்த போட்டோவையும் இன்றைய போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். நெற்றியைப் பார்க்காமல் நான் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் போட்டோவில் என்ன அப்படி ஒரு பயம் என்று தெரியவில்லை.

நோட்டை எங்கே என்று கேட்டாள். வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். பைக்குள்தான் இருந்தது.

டிசம்பர் 26, வியாழன்

தம்பியும் அவன் மனைவி வடிவும் வந்தார்கள். அவர்கள் மகள் நிவேதாவுக்குப் பிப்ரவரி மூன்றாம் தேதி கல்யாணம். கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். அந்தக் குட்டிக்கு முதல் தலைமுடி எடுத்ததே என் மடியில் வைத்துத்தான். கேசரி கிண்டினேன். வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாள் ஆயிற்று.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, அத்தானுக்கு ஒரு பத்திரிகை அனுப்ப வேண்டுமா அக்கா என்று கேட்டான். அவர் ஊர் ஊராக அலைகிறவர், எந்த விலாசத்துக்கென்று அனுப்புவாய் என்றேன்.

வடிவுதான் அடுப்படிக்குள் வந்து விஷயத்தைச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், கட்டப்போகிற தாலியைத் தட்டில் வைத்து ஐந்து சுமங்கலிகள் மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். முதலில் வைக்க வேண்டியது பெண்ணின் அத்தை. அதாவது நான்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க மதினி. மாப்ள வீட்டு ஆளுங்க எல்லாம் புதுசு. அன்னைக்கு ஒருநாள் மட்டும் பொட்டு வச்சிக்கிடுங்க. முடியாதுன்னா, அந்த நேரத்துக்குப் பந்திப் பக்கம் பாத்துக்கிடுங்க, போதும்" என்றாள்.

அவள் கெட்டவள் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். சரி, வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர்கள் போன பிறகு பாத்திரம் துலக்கும்போது அழுதேன். கேசரிச் சட்டி அடிப்பிடித்திருந்தது. ரொம்ப நேரம் ஆயிற்று.

ஜனவரி 5, ஞாயிறு

இரண்டு கிரீமும் போட்டேன். அரிப்பு அடியோடு இல்லை.

தம்பி ஏன் தரையைப் பார்த்துக் கேட்டான் என்பதை எழுதவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவன் வேலையாகத் திருவனந்தபுரம் போயிருந்தான். சாலை பஜாரில் ஒரு ஃபேன்சி கடையில் அவரைப் பார்த்திருக்கிறான். கல்லாவில் உட்கார்ந்திருந்தாராம். பக்கத்தில் ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தை அவர் சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்ததாம். ராத்திரியோடு ராத்திரியாக வந்து என்னிடம் சொன்னான். அதே உயரத்தில் அதே வழுக்கையில் ஆயிரம் பேர் இருப்பார்கள், நீ வேறு யாரையோ பார்த்திருக்கிறாய், போய்த் தூங்கு என்று அனுப்பிவிட்டேன்.

அந்த மாதத்தில் இருந்துதான் கோந்து வைக்க ஆரம்பித்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் வைத்தேன். பால் கிழக்கே பொங்கியது. சொல்ல ஆள் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜனவரி 20, திங்கள்

பேச்சித்தாயின் சான்று வந்துவிட்டது. என் கையால்தான் கொடுத்தேன். அன்றைக்குப் பேசினதற்கு வருத்தம் சொல்ல வேண்டும் என்று காலையில் இருந்தே மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து நின்றதும், வீட்டுக்காரர் போய் எத்தனை வருஷம் ஆகிறது என்றுதான் கேட்க வந்தது. ஆறு என்றாள். முதல் வருஷம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அப்புறம் ஒருநாள் கரண்ட் போய், எதிர்வீட்டில் டார்ச் லைட் கேட்க வாசலுக்கு வந்தபோதுதான், இன்றைக்கு முழுக்க அவனை நினைக்கவே இல்லையே என்று தோன்றியதாம்.

விசாரணைக்கு வந்தவர் பொட்டைப் பற்றி ஏதும் கேட்டாரா என்றேன். கேட்டாராம். அன்றைக்கு எனக்குச் சொன்ன அதே பதிலைச் சொன்னாளாம்.

அவள் போனபிறகு அந்த விண்ணப்பத்தின் வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கணவர் பெயர், பிரிந்து சென்ற ஆண்டு, காரணம். தினமும் பார்க்கிற படிவம்தான். இன்றைக்கு முழுதாகப் படித்தேன். மறுபடி படிவக் கட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 1, சனி

நாளைக் காலை பஸ். பட்டுப்புடவை ஒன்று, கைத்தறி இரண்டு, நிவேதாவுக்கு வாங்கின மோதிரம், இரண்டு கிரீம். கைப்பையில் ஒரு பொட்டு அட்டை.

நெற்றியில் இப்போது லேசான நிழல்தான். ஒருநாள் வைத்தால் ஒன்றும் ஆகிவிடாது.

பிப்ரவரி 3, திங்கள்

கல்யாணம் முடிந்து வந்துவிட்டேன். கால் வீங்கியிருக்கிறது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்றால் எழுதமாட்டேன்.

நேற்று சாயங்காலம் மண்டபத்து அறையில் தனியாக நின்று அட்டையில் இருந்து ஒரு பொட்டை எடுத்து வைத்தேன். நிற்கவில்லை. மேஜைமேல் விழுந்தது. இன்னொன்று எடுத்தேன், அதுவும் விழுந்தது. கோந்து இல்லாமல் அவை நிற்காது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பன்னிரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றாவது நிற்கக்கூடாதா? கடைசியில் மேஜைமேல் உதிர்ந்து கிடந்ததைக் கூட்டி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வெறும் நெற்றியோடு வெளியே வந்தேன். பந்திப் பக்கம் போகத்தான் வந்தேன்.

அதற்குள் தாலித் தட்டு வந்துவிட்டது. பெண்கள் எல்லாம் வட்டமாக நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வெள்ளை மனதுக்காரி. பெண்ணுக்கு அத்தை யார், முதலில் அவர்கள்தானே வைக்க வேண்டும் என்று தேடி, என்னைக் கூப்பிட்டுவிட்டார். வந்து நின்றதும் அவர் கண் என் நெற்றிக்குப் போயிற்று. வடிவு முகம் வெளுத்தது. நெற்றியில் புண், டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று அவசர அவசரமாக அவள் சொன்னாள்.

"அப்படியா. அண்ணாச்சி வரலியா?" என்று அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

மும்பை என்று சொல்ல வாயெடுத்தேன். ஒன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகின வார்த்தை. அது வரவில்லை.

"வரமாட்டாவ. திருவனந்தபுரத்துல இருக்காவ. அங்க அவுகளுக்கு வேற குடும்பம் இருக்கு. என்னை விட்டுட்டுப் போயி ஒம்பது வருசமாச்சு."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. தூணருகே நின்றிருந்த தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "மனசு விடாதீங்க. எங்க இருந்தாலும் அவுக உசுரோட இருக்காவள்ல? அப்ப நீங்க சுமங்கலிதான். வாங்க, நீங்கதான் முதல்ல வைக்கணும்" என்றார்.

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் ஓடிப்போய் வைத்திருப்பேன். ஆனால் அந்தத் தட்டைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. எங்கேயோ கல்லாவில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷன் மூச்சுவிடுகிறான் என்பதற்காக நான் இதைத் தொட வேண்டுமா? நிவேதாவுக்கு அத்தை என்பது போதாதா?

"இல்லம்மா. நான் பந்தியைப் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

வடிவு தடுத்தாள். அவளுக்குத்தான் முதலில் அழுகை வந்தது. பரவாயில்லை என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனேன். நிஜமாகவே பந்தியைப் பார்த்தேன். அவியலில் உப்பு கம்மி, சொல்லிச் சரி செய்தேன். கடைசிப் பந்தியில் என் இலைக்கு இரண்டு பக்கமும் காலி. ரசம் சூடாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

திருநெல்வேலி. அட்டைப்பெட்டியையும் கொண்டுபோனேன்.

டாக்டர் விளக்கைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தாள். போய்விட்டதாம். லேசாக ஒரு நிழல் இருக்கும், அது எனக்கு மட்டும்தான் தெரியும், வேறு யார் கண்ணுக்கும் படாது என்றாள். இனிமேல் நல்ல குங்குமமாகப் பார்த்து வைக்கலாம், ஸ்டிக்கர் மட்டும் ஆயுசுக்கும் கூடாது என்றாள். நோட்டைக் கேட்டாள். எழுதவே இல்லை, மன்னிக்க வேண்டும் என்றேன். சிரித்தாள்.

பெட்டியை மேஜைமேல் வைத்தேன். மீதி இரண்டு அட்டை. அதோடு நான் கூட்டி எடுத்து வந்த உதிரிப் பொட்டுகள். ஒரு அட்டையைத் திருப்பி, பின்பக்கம் இருந்த வருஷத்தைப் படித்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பத்து வருஷத்துச் சரக்கும்மா இது. போன மாசம் வாங்கினதா சொன்னீங்களே. இதை எதுக்கு இத்தனை நாள் வச்சிருந்தீங்க?"

"தீரட்டும்னு பாத்தேன்" என்றேன்.

காலால் மிதித்தால் மூடி திறக்கிற குப்பை டப்பா அவள் பக்கத்தில் இருந்தது. போட்டுவிடட்டுமா என்று கண்ணால் கேட்டாள். நானே போடுகிறேன் என்றேன். பெட்டி உள்ளே போகவில்லை, பெரிது. மிதித்து நசுக்கி மடித்துப் போட வேண்டியிருந்தது.

வரும் வழியில் கோவில் வாசல் கடையில் ஒரு பொட்டலம் தாழம்பூக் குங்குமம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய பொட்டுகளைத் தேங்காய் எண்ணெய் தொட்டுச் சுரண்டினேன். பதினேழு இருந்தன.

நேற்று ஆபீஸில் இருந்து அந்தப் படிவத்தில் ஒன்றை எடுத்து வந்தேன், பைக்குள் இருக்கிறது. பெயர் எழுதிவிட்டேன். பிரிந்து சென்ற ஆண்டும் எழுதிவிட்டேன். காரணத்தை நாளைக்கு எழுதலாம்.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் குங்குமம் வைத்தேன். விரலுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. கொஞ்சம் கோணல். அழித்து மறுபடி வைத்தேன், மறுபடியும் கோணல். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இசக்கி சைக்கிள் மணி கேட்டதும் கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிக் கூப்பிட்டேன். பிச்சி ஒரு முழம் வேண்டும் என்றேன். நெற்றியைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. கூடையை இறக்கிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி வந்துட்டாவளாக்கா?"

"இல்ல இசக்கி. பூ எனக்கு."

அளந்து, நறுக்கி, கையில் கொடுத்தாள். தலையில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன்.